ருசிக்கு முகவரி எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய மைக்கேல் ஜாக்சன் அவர்களுக்கு,

இந்தப் பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு பின்னோக்கி வழுக்கியபடி ஆடும் பாடகரைத்தான் நினைப்பார்கள். உங்களுக்கு இது புதிதல்ல. ‘தி பீர் ஹன்டர்’ தொலைக்காட்சித் தொடரில், அவர் வேறு நான் வேறு என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னவர்தானே? ஆகவே வாசகர்களுக்காக ஓர் அறிமுகம். 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வெதர்பி என்ற ஊரில் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துத் தந்தைக்கு மகன். பதினாறு வயதில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு நாளிதழில் செய்தியாளராகச் சேர்ந்தவர். 1977இல் ‘தி வேர்ல்டு கைடு டு பீர்’ என்ற நூலை எழுதியவர். 2007 ஆகஸ்டு 30 அன்று லண்டனில் காலமானவர். இந்த மடல் அந்த ஜாக்சனுக்கு.

நீங்கள் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நன்றி சொல்லத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. “உனக்குப் பிடித்த பீர் எது?” என்று கேட்டால் குடிப்பவர் எவரும் சட்டென்று ஒரு பெயர் சொல்லிவிடுவார். “ஏன் பிடிக்கும்?” என்று கேட்டால் விழிப்பார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் உண்டு என்று காட்டியவர் நீங்கள். பதில் குடிப்பவரின் நாக்கோடு முடிந்துவிடுவதில்லை. அவர் ஊர்த் தண்ணீரிலும், அவர் பார்த்த வேலையிலும், அரசு போட்ட வரியிலும், அடிக்கிற வெயிலிலும் அது சிதறிக் கிடக்கிறது. நீங்கள் ஊர் ஊராகப் போய் அதைப் பொறுக்கி எடுத்து, ருசி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எழுதினீர்கள். பீரை வகை வகையாகப் பிரித்துப் பேசுவது இன்று எல்லோருக்கும் இயல்பாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு வழிபோட்டது உங்கள் 1977ஆம் ஆண்டு நூல்.

தமிழில் இப்படி ஒரு மடல் எழுதுவதில் சங்கடமும் இருக்கிறது. எங்கள் ஊரில் குடி என்றதும் ருசியா நினைவுக்கு வருகிறது? சம்பள நாளில் வீடு வந்து சேராத பணம், அடி வாங்கும் மனைவி, படிப்பை விட்ட பிள்ளை. கடையை மூடு என்று நடுத்தெருவில் உட்கார்ந்த பெண்களின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நுரையைப் பற்றி எழுதினால் அது வெறும் ஜம்பம். ஆனால் உங்களைப் படித்த பிறகு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. எங்கள் மதுக்கடையின் கம்பிவலைக்கு முன்னால் பீர் வாங்க நிற்பவர் கேட்பவை இரண்டே கேள்விகள்: “கூலிங் இருக்கா?”, “ஸ்ட்ராங்கா?” அதற்கு மேல் கேட்க அவருக்கு எதுவும் சொல்லித்தரப்படவில்லை. உள்ளேயிருந்து எது நீட்டப்படுகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தெரிவு இல்லாத இடத்தில் மிஞ்சும் ஒரே அளவுகோல் போதை. பீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள் போதையை ஒருநாளும் பெருமையாகப் பேசவில்லை. எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

லீட்ஸ் நகரில் படித்த காலத்தில் மாலை வேளைகளில் ஒரு பப்பில் வேலை பார்த்தேன். வெதர்பி அங்கிருந்து கூப்பிடு தூரம். அப்போது அது உங்கள் ஊர் என்று எனக்குத் தெரியாது. முதலில் கற்றுத்தந்தது பம்பு இழுப்பது. பீப்பாய் கீழே நிலவறையில் இருக்கும். கவுண்டரில் நிற்கும் நீண்ட மரப்பிடியை நெஞ்சை நோக்கி நிதானமாக இழுத்தால் பீர் ஏறி வரும். பதறி இழுத்தால் வெறும் நுரை. வளைந்த குழாயின் முனையில் பொடிப்பொடித் துளைகள் உள்ள ஒரு சின்ன மூடியைத் திருகி வைத்திருப்பார்கள். ஸ்பார்க்ளர் என்று பெயர். அந்தத் துளைகள் வழியாகப் பீச்சப்படும்போது பீரில் கரைந்திருக்கும் வாயு நுரையாகத் திரண்டு மேலே நிற்கும். கீழே பீர் வழவழப்பாகிவிடும். யார்க்ஷயர்காரர்களுக்கு அந்த ஏடு படிந்த நுரை இல்லாமல் பீர் பீரே இல்லை. லண்டன் பக்கத்திலிருந்து வந்தவர்களோ கிளாஸைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள்: ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் மணமெல்லாம் நுரையோடு போயிற்றே, பீரைச் சப்பையாக்கிவிட்டீர்களே என்பார்கள். ஒரே பீப்பாய், ஒரே பீர், ஒரு மூடிக்காக இரண்டு கட்சி.

அந்தப் பப்பின் மூலை மேசைக்கு வழக்கமாக வரும் முதியவர் ஒருவர் மைல்டு தவிர வேறெதையும் தொட மாட்டார். கறுத்த நிறம், மெல்லிய உடம்பு, கசப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லாத பீர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற இளசுகளுக்கு அது தாத்தாக்கள் குடிக்கும் சரக்கு. ஏன் இதையே குடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “வார்ப்பட ஆலையில் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தால் முதல் இரண்டு பைண்ட் எங்கே போகிறது என்றே தெரியாது, லவ். மூன்றாவதைத்தான் நிஜமாகக் குடிக்கிறோம். அப்புறம் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போகணுமே?” என்றார்.

உங்கள் நூல்கள் கைக்கு வந்தபோதுதான் அவர் சொன்னதில் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று விளங்கியது. மைல்டில் மதுச்சத்து பெரும்பாலும் 3 முதல் 3.5 விழுக்காடு. சுரங்கத்திலும் உலையிலும் வியர்வை வடித்த உடம்புக்கு நீர் வேண்டும், கொஞ்சம் இனிப்பு வேண்டும், தலை சுற்றக் கூடாது. முதல் உலகப் போரின்போது அரசு தானியத்துக்குக் கட்டுப்பாடு விதித்து, வரியையும் ஏற்றி, பீரின் வலுவை இறக்கியதும் சேர்ந்துதான் மைல்டு இந்த வடிவத்துக்கு வந்தது. 1950கள் வரை இங்கிலாந்தின் பப்புகளில் மிகுதியாக ஓடியது இதுவே. சுரங்கங்களும் ஆலைகளும் மூடத் தொடங்கியதும் மைல்டும் அவற்றின் பின்னாலேயே போயிற்று. மூலை மேசைக்காரர் குடித்துக்கொண்டிருந்தது, தான் விட்டுவந்த வேலையின் அளவுக்குத் தைத்த பீர். அதை மட்டமாகப் பார்த்த எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. உழைப்பாளி குடிக்கும் பீருக்கு ஒயினுக்குரிய மரியாதையைக் கொடுத்து எழுதினீர்களே, அதற்கு முதல் நன்றி.

மைல்டு உழைப்பின் பிள்ளை என்றால் பில்சனர் கண்ணின் பிள்ளை. பொஹீமியாவின் பில்சென் நகரத்தில் 1838இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள் என்பார்கள். ஊரார் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்ற பீர் வல்லுநரைக் கூட்டிவந்தார்கள். முரட்டு ஆள் என்று பெயர் எடுத்தவர். 1842 அக்டோபர் 5 அன்று அவர் முதல் முறையாகக் காய்ச்சினார். முளைவிட்ட பார்லியைப் புகை படாமல் சூடான காற்றில் உலர்த்திய வெளிர்நிற மால்ட், உப்புகள் மிகக் குறைந்த பில்சென் தண்ணீர், ஜாட்டெட்ஸ் பக்கத்து மணமுள்ள ஹாப்ஸ், குளிர்ந்த நிலவறையில் மெதுவாக அடங்கும் ஈஸ்ட். நான்கும் சேர்ந்து பொன்னிறத்தில் ஒரு பீர் வந்தது. அதுவரை மக்களுக்குப் பழக்கப்பட்டவை பெரும்பாலும் கலங்கலும் கருமையுமான பீர்கள். அவற்றை மண் குவளையிலோ தகரக் குவளையிலோ குடித்தால் நிறம் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணாடிக் கிளாஸ் சாமானியர் கைக்கு எட்டத் தொடங்கிய காலத்தில் இந்தப் பீர் பிறந்தது. ரயில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. இன்று உலகம் முழுவதும் விற்கும் பீரில் பெரும்பகுதி அதன் வம்சம்தான், எங்கள் கடையில் கூலிங் கேட்டு வாங்கும் பாட்டில் உட்பட. ஆனால் வம்சம் பெருகப் பெருகக் கசப்பு தேய்ந்து, ஹாப்ஸின் மணம் தேய்ந்து, கடைசியில் நிறமும் சில்லிப்பும் மட்டும் தங்கின. பில்சனர் என்று லேபிளில் போட்டுவிட்டால் பில்சனர் ஆகிவிடாது என்று எழுத உங்கள் காலத்தில் துணிச்சல் வேண்டியிருந்தது.

குடிக்கும் முறையே பீரின் குணத்தைக் காப்பாற்றும் ஊர் ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். அங்கே கோல்ஷ் என்ற பீர் வெறும் 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் கிளாஸில் வரும். நீல உடுப்பு அணிந்த பரிமாறுபவருக்கு கோபெஸ் என்று பெயர், சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள். வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றி வருவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூட வேண்டும். வாய் திறந்து சொன்னால் காதில் விழாது. ஏன் இவ்வளவு சின்னக் கிளாஸ்? கோல்ஷ் மென்மையான பீர். நுரை சீக்கிரம் அடங்கும், சூடேறினால் அதன் மெல்லிய பழ மணம் போய்விடும். நான்கு மடக்கில் தீர்ந்தால்தான் ஒவ்வொரு மடக்கும் புதிது. 1986இல் அந்த ஊர் ஆலைகள் ஒன்றுகூடி, கோல்ஷ் என்ற பெயரை யார் போடலாம் என்று உடன்படிக்கையே எழுதிக்கொண்டன. சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் டுஸெல்டார்ஃபில் செம்புநிற ஆல்ட் பீர்தான் குடிப்பார்கள். அங்கே போய் கோல்ஷ் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. எந்த பீர் பிடிக்கும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஊரிலும், நீ எந்த ஊர் என்பதுதான் பதில்.

எங்கள் ஊர் இந்தக் கதையில் நேராகவே வரும் இடம் பேல் ஏல். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பீர் கொண்டுவந்தன. அன்று மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். மசூலா படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கிவரும். லண்டனில் கம்பெனிக் கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே, போ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்ஸன் முதலில் இந்த வியாபாரத்தைப் பிடித்தார். பிறகு இங்கிலாந்திலேயே உள்ள பர்ட்டன் நகரத்தார் அதைத் தட்டிப் பறித்தார்கள். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைத் தேய்க்காமல் கூர்மையாக நிறுத்தும். சாதாரண பீர் கடல் தாண்டாது என்பதால் இந்தியாவுக்கென்றே இந்த பீர் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை நெடுங்காலம் ஓடியது. பீர் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கார்னல் பழைய செய்தித்தாள்களையும் கணக்குகளையும் புரட்டி அது அப்படியல்ல என்று காட்டினார். போர்ட்டர் என்ற கறுத்த பீரும் அதே கப்பலில் பத்திரமாக வந்திறங்கியது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் குடித்தது அதைத்தான். பேல் ஏல் அதிகாரிகளுக்கும் கணக்கெழுதும் கனவான்களுக்கும். ஒரே வெயிலில் ஒரே கோட்டையில் இருந்தவர்களின் கிளாஸைப் பிரித்தது சம்பளம்.

அந்தக் கசப்பு இன்று உலகத்தையே ஆட்டிவைக்கிறது. கசப்பைத் துப்புவது மனித நாக்கின் பிறவிக் குணம். அதை விரும்பக் கற்றுக்கொள்வது வளர்ப்பு. வேப்பம்பூ ரசத்துக்கு ஏங்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1972இல் வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தில் பம்ப்ளிமாஸ் தோலின் மணம் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரிட்ஸ் மேடாக்கின் ஆங்கர் ஆலையும், பின்னர் 1980இல் தொடங்கிய சியரா நெவாடாவும் அதைத் துணிந்து போட்டுக் காய்ச்சின. ஒரே மாதிரி வெளிறிய பீரைக் குடித்து அலுத்த தலைமுறைக்கு அந்தக் கசப்பு ஒரு சுயமரியாதை. 1970களின் கடைசியில் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கும் குறைவான பீர் நிறுவனங்களே எஞ்சியிருந்தன, இன்று பல்லாயிரம். அவற்றைத் தொடங்கிய முதல் தலைமுறையினர் பலர் அடுப்பங்கரையில் பாத்திரம் வைத்துக் காய்ச்சிப் பழகியவர்கள். எதைக் காய்ச்சுவது என்று தேட அவர்களிடம் இருந்த வரைபடம் உங்கள் நூல்.

பெல்ஜியத்தில் ஹோகார்டன் என்ற சிற்றூரின் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கோதுமை சேர்த்த வெண்ணிற பீருக்குப் பேர்போன ஊர் அது. 1950களில் அங்கே கடைசி ஆலையும் மூடியது. பக்கத்தில் பால் வியாபாரம் பார்த்த பியர் செலிஸ் இளவயதில் அந்த ஆலையில் கைவேலை செய்தவர். ஊர்க்காரர்கள் பழைய பீரை நினைத்து ஏங்குவதைக் கேட்டுக் கேட்டு, 1966இல் அவரே காய்ச்சத் தொடங்கிவிட்டார். மால்ட் ஆக்காத கோதுமை, நாரத்தை போன்ற கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோல், கொத்தமல்லி விதை. ஆம், நாங்கள் ரசப்பொடிக்கு வறுக்கிற அதே தனியாதான். முதல் முறை அந்தக் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனபோது அயல்நாட்டுப் பொருள் என்ற கூச்சமே எனக்கு வரவில்லை. பவேரிய கோதுமை பீரில் இந்தச் சாமான்கள் எதுவும் இல்லாமலே வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வரும். இரண்டையும் ஈஸ்ட்டே உண்டாக்குகிறது; வாழைப்பழ மணத்துக்குக் காரணம் கனிந்த வாழைப்பழத்தில் உள்ள அதே வேதிப்பொருள். பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சும் விடுதிகளில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கோதுமை பீரில்தான் தொடங்குகிறார்கள். கசப்பு குறைவு, மணம் தெரிந்த மணம். தெரிந்த ஒன்றைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டுதான் நாக்கு தெரியாத இடத்துக்குப் போகும்.

ஆனால் கொளுத்தும் வெயிலில் ஸ்டவுட் என்ற கறுத்த பீர் ஏன்? இந்தக் கேள்வியை மேற்கத்திய பீர் எழுத்தாளர்களில் மெனக்கெட்டுத் தேடிப்போனவர் நீங்கள். இலங்கைக்கு வந்தீர்கள். 1,800 மீட்டருக்கு மேல் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நுவரெலியாவில் 1881 முதல் இயங்கிய ஆலையின் லயன் ஸ்டவுட்டைக் குடித்துப் பார்த்து உலகுக்குச் சொன்னீர்கள். உங்கள் பாராட்டைப் புட்டியின் லேபிளிலேயே அச்சிட்டார்கள். சாக்லேட் போன்ற அடர்த்தி, 8 விழுக்காட்டைத் தாண்டும் வலு. லண்டனிலிருந்தும் டப்ளினிலிருந்தும் கப்பலேறிய வலுவான கறுப்பு பீர்களின் வெப்பமண்டலப் பேரப்பிள்ளை அது. நைஜீரியாவில் கின்னஸ் 1962இல் ஆலை திறந்தது. பின்னாளில் பார்லி இறக்குமதிக்குத் தடை வந்தபோது சோளத்தைப் போட்டுக் காய்ச்சினார்கள், குடிப்பவர்கள் கைவிடவில்லை. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கும் ஸ்டவுட் பழைய சிநேகம். பீர் என்றால் சில்லென்று தொண்டையில் இறங்க வேண்டும் என்பது ஒரு வகைத் தாகம். உடம்புக்குச் சத்து, மெதுவாக உறிஞ்ச வேண்டிய பொருள், காசுக்கு மதிப்பு என்பது வேறு வகைத் தாகம். ஐரோப்பாவுக்கு வெளியிலும் பீருக்கு ரசனை உண்டு, அதற்கும் காரணம் உண்டு என்று எழுதினீர்களே, அதற்கு இரண்டாவது நன்றி.

நன்றி மடலிலும் ஒரு முணுமுணுப்புக்கு இடம் வேண்டும். நீங்கள் விவரித்து எழுதிய வகைகளைப் பின்னால் வந்தவர்கள் சட்டப் புத்தகம் ஆக்கிவிட்டார்கள். இந்த வகை என்றால் நிறம் இத்தனை, கசப்பு இத்தனை என்று போட்டிகளில் மதிப்பெண் போடுகிறார்கள். பெல்ஜியத்துக் கிழவர் ஒருவர் தன் பாட்டனாரைப்போலக் காய்ச்சிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் உங்கள் பீர் வகைக்குள் அடங்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? ஃபின்லாந்துப் பண்ணைகளில் ஜூனிப்பர் கிளைகளின் வழியே வடிகட்டி, ரொட்டி ஈஸ்ட்டால் புளிக்கவைக்கும் சஹ்தியை நீங்கள் போய்ப் பார்த்து எழுதியபோது அது எந்தப் பட்டியலிலும் இல்லை. முதலில் ஊருக்குப் போவது, பிறகு குடிப்பது, பிறகு கேட்பது, கடைசியில்தான் எழுதுவது என்ற உங்கள் வரிசையை அவர்கள் தலைகீழாக்கிவிட்டார்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் கொண்டாடிய ஆங்கர் ஆலை 2023இல் கதவை மூடியது. மாம்பழச்சாறுபோல் கலங்கி, மணத்தில் பழமும் கசப்பில் பாதியுமாக ஒரு புது ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) எங்கும் பரவிவிட்டது. மதுச்சத்தே இல்லாத கின்னஸ் வந்து, நன்றாகவே போகிறது. கடைசியாகச் சொன்ன இந்த கின்னஸ் செய்தி உங்களைச் சிரிக்கவைக்கும். பார்க்கின்சன் நோயால் உங்கள் நடை தடுமாறியபோது, குடித்திருக்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு; நோயைப் பற்றி வாழ்வின் கடைசிக் காலத்தில்தான் வெளியே பேசினீர்கள். பீரின் ருசியும் போதையும் ஒன்றல்ல என்று வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு, போதையில்லாத பீரை ருசிக்காகக் குடிக்கும் தலைமுறை வந்துவிட்டது என்பதைவிட வேறென்ன பாராட்டு?

இனி நான் உங்களுக்குப் பட்ட மிகப் பெரிய கடன். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் சென் ஆற்றுச் சமவெளியில் லாம்பிக் என்ற பீர் செய்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. கொதித்த சாற்றை அகலமான தாழ்ந்த தொட்டியில் இரவெல்லாம் திறந்து ஆறவைக்கிறார்கள். காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்கள் வந்து குடியேறும். வெயில் காலத்தில் கண்டதும் வந்து விழும் என்பதால் குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். பிறகு மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். இளையதும் முதியதுமான லாம்பிக்கைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். வாயில் வைத்தால் புளிப்பு, ஈரக் கட்டை, தோல், மண். நான் அதைக் குடித்தபோது என் நினைவு போனது பெல்ஜியத்துக்கு அல்ல, கலயத்துக்கு. கள்ளும் அப்படித்தானே? பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், யாரும் எதையும் சேர்க்காமல் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் உயிர்களே புளிக்கவைக்கின்றன. உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீர், தடவாவிட்டால் கள். காலைக் கள் ஒரு ருசி, மாலைக் கள் ஒரு ருசி. தென்னங்கள் வேறு, பனங்கள் வேறு.

சென் சமவெளியின் புளிப்பைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள். மூடும் நிலையில் இருந்த சிறு ஆலைகளுக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். எங்கள் கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. தடை சரியா தவறா என்று வாதாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த மண்ணின் பனை எந்த மாதத்தில் எப்படிக் கொடுக்கும், கலயத்தை எப்படிப் பழக்குவது, எந்தக் காற்றுக்கு எந்தப் புளிப்பு என்று, மரமேறிகளின் நாக்கில் இருக்கும் அறிவை எழுதிவைக்க மட்டும் ஆளில்லை. ஏறத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. சட்டம் என்றைக்கு வேண்டுமானாலும் மாறலாம். போன ருசியைச் சட்டம் திருப்பித் தராது.

உங்கள் நூல்களும் கோப்புகளும் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவற்றில் இருக்கும் வேலைமுறை எந்த நாட்டுக்கும் பொது: குடிப்பவரைக் கேலி செய்யாமல் உட்கார்ந்து கேள், அவர் சொல்வதை அப்படியே எழுது, காரணத்தை அவர் ஊரில் தேடு. அந்த முறைக்கு மூன்றாவது நன்றி. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துப் பனைக்காரர்களிடம் போய் உட்காரப்போகிறேன். கேட்க வேண்டிய முதல் கேள்வியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்: “உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?”


லீட்ஸில் பம்பு இழுக்கக் கற்ற ஒரு தமிழ் வாசகர்